பந்துக் கடைக்காரர் எழுதிய ஸ்தல புராணம்

மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, அங்கே கோணிச் சாக்கின் மேல் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்திருந்த ஒரு கடையில், மேலட்டை போய், கம்பித் தையல் துருவேறி, கஷாயத்தில் தோய்த்து உலர்த்தியது போன்ற நிறத்தோடு ஒரு சிறு புத்தகம் என் கையில் அகப்பட்டது. கூடைப்பந்து ஆட்டத்தின் விதிகளை விவரிக்கும் அமெரிக்கப் பிரசுரம் அது. விதிகள் முடிந்த இடத்தில் புத்தகமும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பிறகும் பக்கங்கள் தொடர்ந்தன. பந்து, வலை, இரும்பு வளையம், ரப்பர் அடி வைத்த காலணி, முழங்கால் உறை, கம்பளிச் சட்டை என்று ஒவ்வொன்றும் நுணுக்கமான கோட்டுச் சித்திரமாக, எண்ணும் விலையும் சகிதமாக, அணிவகுத்து நின்றது. பக்கத்துக்குப் பக்கம், ஒரு பந்தின் உருவத்துக்குள் 'ஸ்பால்டிங்' என்ற பெயரைப் பொறித்த வியாபார முத்திரை. கடைக்காரர் என் தயக்கத்தைக் கண்டு, "பின்னால இருக்கிறது பூரா வெறும் விளம்பரம் சார், அதைக் கிழிச்சுப் போட்டுட்டா புஸ்தகம் நல்லா இருக்கும், அஞ்சு ரூபா குடுங்க" என்றார். அந்தப் பக்கங்களுக்காகவே நான் அதை வாங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் விலை ஏறியிருக்கும். ஆகையால் பேசாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது சென்னைக்கு எப்படி வந்தது என்று திட்டமாகச் சொல்ல இயலாது. 1920-இல் எச். சி. பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் இந்நகரில் உடற்பயிற்சிக் கல்லூரியை ஸ்தாபித்த காலத்தில், இம்மாதிரிப் பிரசுரங்கள் பெட்டி பெட்டியாகக் கப்பலேறி வந்திருக்கக்கூடும். வந்த வழி எதுவானாலும், அந்த ஐந்து ரூபாய்ப் புத்தகம் என்னைப் பழைய விளையாட்டுப் பிரசுரங்களைத் தேடுகிறவர்களின் விசித்திரமான உலகத்துக்குள் இழுத்துச் சென்றது.

போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை யார் பத்திரப்படுத்துகிறார்கள்? விளையாட்டுச் சாமான்களின் விலைப்பட்டியலுக்கும், வருஷந்தோறும் வெளிவந்த விளையாட்டுக் கையேட்டுக்கும் நேர்ந்த கதி அதுவே. புதியது வந்ததும் பழையது அடுப்புக்கோ, பொட்டலம் மடிக்கவோ போயிற்று. போகாமல் தப்பியதும் மட்டமான மரக்கூழ்க் காகிதத்தில் அச்சானதால் தானாகவே பொடிந்தது. ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்டதாலேயே அருமையற்றதாகக் கருதப்பட்டு, அருமையற்றதாகக் கருதப்பட்டதாலேயே பின்னாளில் அரும்பொருளான விந்தை இது. இங்கிலாந்தில் 1864-இல் 112 பக்கங்களோடு ஒரு ஷில்லிங் விலையில் முதன்முதலாக வெளிவந்த விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலரும் ஒரு பந்து-மட்டை வியாபாரியின் பிரசுரமே என்பதை, இன்று அந்த முதற்பிரதிக்காகப் பெரும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் சில சமயம் மறந்துவிடுகிறார்கள். பந்து வீச்சில் பெயரெடுத்த ஜான் விஸ்டன், ஆடி ஓய்ந்தபின் கடையை நம்பி வாழ்ந்தவர். ஆட்டக்காரர் கடைக்காரராகி, கடைக்காரர் பிரசுரகர்த்தரான இந்த வம்சத்தில் மிகுந்த சாதுரியசாலி அமெரிக்கரான ஆல்பர்ட் குட்வில் ஸ்பால்டிங். அவர் ஒரு விளையாட்டுக்குப் புராணமே எழுதி, அதைப் பத்து சென்ட்டுக்கு விற்று, ஒரு தேசத்தை நம்ப வைத்தவர்.

இல்லினாய் மாகாணத்தில் பிறந்த ஸ்பால்டிங், பாஸ்டன் குழுவிலும் பின்னர் சிகாகோ குழுவிலும் பந்தெறிந்து புகழ்பெற்றார். 1876-இல் சிகாகோவில் தம்பி வால்டருடன் சேர்ந்து, தாயாரிடம் வாங்கிய எண்ணூறு டாலர் முதலில் விளையாட்டுச் சாமான் கடை திறந்தார் என்பது வழங்கி வரும் வரலாறு. கடை திறந்த மறு வருஷமே 'ஸ்பால்டிங்கின் அதிகாரபூர்வமான பேஸ்பால் கையேடு' வெளிவந்தது. அந்த 'அதிகாரபூர்வமான' என்ற அடைமொழியில்தான் வியாபார சூட்சுமம் அடங்கியிருந்தது. தேசிய லீக் என்ற சங்கத்தின் ஆட்டங்களில் தம் பந்தே உபயோகமாக வேண்டும் என்பதற்காக, விற்கிறவர் வாங்குகிறவரிடம் பணம் பெறும் உலக வழக்கத்தைத் தலைகீழாக்கி, அந்தச் சங்கத்துக்குத் தாமே பணம் கொடுத்து அவ்வுரிமையைப் பெற்றார். பெரியவர்கள் ஆடுவது ஸ்பால்டிங் பந்தில் என்றால், தெருமுனையில் ஆடும் பையனுக்கும் ஸ்பால்டிங் பந்துதானே வேண்டும்? கையேட்டின் முன்பகுதியில் விதிகளும், சென்ற பருவத்து ஆட்டங்களின் கணக்குகளும், குழுக்களின் படங்களும், பின்பகுதியில் கடை. படிக்க வந்தவன் கடை வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

கையுறையின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஆரம்ப காலத்தில் வெறுங்கையால் பந்தைப் பிடிப்பதே ஆண்மை என்று கருதப்பட்டது. 1875-இல் ஒரு ஆட்டக்காரர் கையுறை அணிந்து வந்ததைக் கண்டதாகவும், பார்ப்பவர் கண்ணில் அது படாதிருக்க வேண்டுமென்று அவர் தோலின் நிறத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்திருந்ததாகவும், அதைப்பற்றிக் கேட்டபோது வெட்கப்பட்டதாகவும் ஸ்பால்டிங் பிற்காலத்தில் எழுதினார். இரண்டு வருஷம் கழித்துத் தாமும் கையுறை அணியத் தீர்மானித்தபோது ஸ்பால்டிங் எடுத்தது கறுப்பு நிறம். எல்லோர் கண்ணிலும் படட்டும் என்பதே நோக்கம். கடையில் கையுறை விற்பவர் அதை ஒளித்து அணிவானேன்? பழைய பட்டியல்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கையுறை வருஷத்துக்கு வருஷம் பருத்து, உள்ளே பஞ்சடைத்து, கடைசியில் ஒரு சிறு தலையணையாகவே வளர்வது தெரியும். தேதி குறிக்கப்படாத பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தால், அதில் இருப்பவரின் கையுறையைப் பட்டியல் சித்திரத்தோடு ஒப்பிட்டுக் காலத்தைக் கணிப்பது இன்றும் சேகரிப்பாளர்கள் கையாளும் முறை. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் எழுத்தின் வடிவத்தைக் கொண்டு நூற்றாண்டு சொல்வதைப் போன்றதுதான்.

1889-இல் பிலடெல்பியாவின் ரீச் என்ற போட்டிக் கடையை ஸ்பால்டிங் வாங்கினார், பெயரை மாற்றவில்லை. ரீச் கையேடும் ஸ்பால்டிங் கையேடும் தனித்தனியே வெளிவந்து, ஒன்றையொன்று எதிர்ப்பன போலக் காட்சி தந்தன. 1892-இல் தனிப் பிரசுர ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்தி, நீச்சல், குத்துச்சண்டை, கூடைப்பந்து என்று ஒவ்வொரு விளையாட்டுக்கும் பத்து சென்ட் விலையில் ஒரு நூல் வெளியிடும் ஏற்பாட்டையும் செய்தார். மூர் மார்க்கெட்டில் எனக்குக் கிடைத்தது அந்த வரிசையைச் சேர்ந்ததே. லீக் பந்து ஒன்றின் விலை ஒன்றேகால் டாலராக இருந்த நாளில் பத்து சென்ட் என்பது பையன்கள் எட்டிப்பிடிக்கக்கூடிய தொகை. பந்தை வாங்க முடியாதவன் அதன் சித்திரத்தையாவது வாங்கினான்.

இவ்வளவோடு அவர் திருப்தியடையவில்லை. 1888 அக்டோபரில் இரண்டு பேஸ்பால் குழுக்களைக் கப்பலேற்றிக்கொண்டு உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். ஆஸ்திரேலியாவில் ஆடி முடித்துத் திரும்பும் வழியில், 1889 ஜனவரி இறுதியில் அவர்கள் கொழும்பில் இறங்கினார்கள். கப்பல் புறப்படுவதற்குள் ஐந்து இன்னிங்ஸ் மட்டும் ஆடி, மூன்றுக்கு மூன்று என்று சரிசமமாக ஆட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அங்கிருந்து எகிப்துக்குச் சென்று பிரமிடுகளின் நிழலில் ஆடினார்கள். கொழும்பில் அன்று வேடிக்கை பார்த்தவர்கள் மறுநாளே கிரிக்கெட்டுக்குத் திரும்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரயாணம் முடிந்து 1889 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த விருந்தில், பேஸ்பால் அமெரிக்க மண்ணிலேயே பிறந்தது என்று முன்னாள் லீக் தலைவர் ஆபிரகாம் மில்ஸ் பேசியபோது, சபையில் இருந்தவர்கள், ரவுண்டர்ஸ் என்ற இங்கிலீஷ் சிறுவர் விளையாட்டின் வழிவந்தது இது என்ற கொள்கையை மறுத்துக் கோஷமிட்டார்கள். பின்னால் முளைத்த மரத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

ரவுண்டர்ஸ் கொள்கையை விடாமல் சொல்லி வந்தவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் 1824-இல் பிறந்து, பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் அமெரிக்கா வந்தவர். லண்டனின் சாக்கடைகளையும் குடிநீரையும் சீர்திருத்தப் பாடுபட்ட எட்வின் சாட்விக் இவருக்கு மாற்றாந்தாய் வழித் தமையன். தமையனுக்குப் புள்ளிவிவரத்தில் இருந்த மோகம் தம்பிக்கும் இருந்தது. அவர் நகர மாந்தரின் மரணங்களை எண்ணினார், இவர் மட்டையடிகளை எண்ணினார். ஆட்டத்தின் விவரத்தை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கித் தரும் கணக்கு முறையை வளர்த்தவர் சாட்விக். 1860-இல் பத்து சென்ட் விலையில் வெளிவந்த பீடில் கம்பெனியின் பேஸ்பால் கையேட்டுக்கு ஆசிரியர் அவரே. பின்னர் ஸ்பால்டிங் கையேட்டுக்கும் ஆண்டுக்கணக்கில் அவரே ஆசிரியர். ஆக, சம்பளம் கொடுக்கிற முதலாளி ஒரு கட்சி, பேனா பிடிக்கிற ஆசிரியர் மறு கட்சி. 1903-ஆம் வருஷத்துக் கையேட்டில் சாட்விக் தம் ரவுண்டர்ஸ் கொள்கையை எழுத, 1905-ஆம் வருஷத்துக் கையேட்டில் ஸ்பால்டிங் அதை எதிர்த்து எழுதி, உண்மையைத் தீர்மானிக்க ஒரு விசாரணைக் குழு வேண்டுமென்றார். இருவருக்கும் இடையே துவேஷம் இருந்ததாகத் தெரியவில்லை. இக்காலத்தில் அத்தகைய ஆசிரியரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

குழுவில் ஏழு பேர். தலைவர் மேற்சொன்ன மில்ஸ். இரண்டு பேர் செனட்டர் பதவி வகித்த பிரமுகர்கள். ஒருவர் லீக்கின் இன்னொரு முன்னாள் தலைவர். மற்றவர்களைக் கவனியுங்கள்: கடையை ஸ்பால்டிங்குக்கு விற்ற ஆல் ரீச், அவ்வாறே தம் கடையும் ஸ்பால்டிங் குடையின் கீழ் வந்துவிட்ட ஜார்ஜ் ரைட், காரியதரிசியாக, ஸ்பால்டிங்கின் பிரசுர ஸ்தாபனத்தை நிர்வகித்து வந்த ஜேம்ஸ் சல்லிவன். மாமியார் வீட்டு வழக்கை மருமகளின் அண்ணன் தம்பிகள் கூடித் தீர்த்தாலும் இவ்வளவு வசதி இராது.

பத்திரிகைகளில் சாட்சியம் கேட்டு அறிவிப்பு வெளியானதும், டென்வர் நகரத்திலிருந்து ஆப்னர் கிரேவ்ஸ் என்ற எழுபத்தொரு வயதுச் சுரங்க எஞ்சினீயர் ஒரு கடிதம் எழுதினார். நியூயார்க் மாகாணத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் தையற்கடை அருகே சிறுவர்கள் கோலி ஆடிக்கொண்டிருக்கையில், ஆப்னர் டபிள்டே என்பவர் வந்து குச்சியால் மண்ணில் கோடு கிழித்துப் புதிய பந்தாட்டத்தின் அமைப்பை விளக்கினார் என்பது அதன் சாரம். அந்த டபிள்டேதான் பின்னாளில் உள்நாட்டு யுத்தத்தில் புகழ்பெற்ற தளபதி. ஸ்பால்டிங் ஆனந்தத்தில் ஆழ்ந்தார். தேசிய விளையாட்டைத் தேசிய சேனையின் தளபதியே படைத்தார் என்றால் அதைவிடப் பொருத்தம் வேறென்ன? மில்ஸ் டபிள்டேயின் நெடுநாளைய நண்பர். ஆயினும் பேஸ்பாலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் கேட்டதில்லை என்பது மில்ஸுக்கு உறுத்தியதாகக் காணோம். கண்டுபிடிப்பு நிகழ்ந்ததாகக் குழு கொண்ட 1839-இல் டபிள்டே வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். சாட்சி சொன்ன கிரேவ்ஸுக்கு அப்போது ஐந்து வயது. (அந்த முதியவர் 1924-இல் தம் மனைவியைச் சுட்டுக் கொன்று, சித்தசுவாதீனமற்றவர் என்று தீர்மானிக்கப்பட்டு, மனநோய் விடுதியில் இறந்தார்.)

இவ்விடத்தில் சென்னைவாசிகளுக்கு ஒரு செய்தி. அடையாற்றில் ஆலமரத்தின் பெயரால் நாம் அறிந்திருக்கும் பிரம்மஞான சபை நியூயார்க்கில் பிறந்தது. கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1878 டிசம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அமெரிக்காவில் சபையின் பொறுப்பைத் தற்காலிகத் தலைவராக ஏற்றவர் இந்த டபிள்டேயே. ஸ்பால்டிங்கின் இரண்டாம் மனைவியாரும் பிரம்மஞானி. அடையாற்றோடு பிணங்கிப் பிரிந்த கிளையினர் கலிபோர்னியாவில் பாயிண்ட் லோமா என்ற இடத்தில் அமைத்த ஆசிரமத்திலேயே ஸ்பால்டிங் தம் கடைசி வருஷங்களைக் கழித்து, 1915-இல் காலமானார். இந்தச் சபை உறவையும் பேஸ்பால் விவகாரத்தையும் முடிச்சுப்போட்டுக் கதை சொல்பவர்கள் உண்டு. முடிச்சுப்போட எனக்குத் துணிவில்லை. ஆயினும் அடையாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்தத் தளபதி நினைவுக்கு வருகிறார்.

1907 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட மில்ஸின் தீர்ப்பு, 1908-ஆம் வருஷத்து ஸ்பால்டிங் கையேட்டில் வெளியாயிற்று: பேஸ்பால் அமெரிக்காவில் தோன்றியது, அதைக் கண்டவர் டபிள்டே, இடம் கூப்பர்ஸ்டவுன். சாட்விக் அதைப் படித்துவிட்டு, கெட்டிக்கார வக்கீலின் வாதம் என்கிற தோரணையில் மில்ஸுக்கே ஒரு கடிதம் எழுதினார். அவ்வருஷம் ஏப்ரலில் இறந்துபோனார். புரூக்ளினில் அவர் கல்லறையின் உச்சியில் கல்லால் செய்த ஒரு பந்து இருக்கிறது.

நம் நாட்டில் ஸ்தல புராணம் இல்லாத க்ஷேத்திரம் இல்லை. கூப்பர்ஸ்டவுனும் க்ஷேத்திரமாயிற்று. 1930-களில் அருகிலிருந்த ஒரு கிராமத்துப் பரண்மேல் பழைய பெட்டியில் கிழிந்த பந்தொன்று அகப்பட, கூப்பர்ஸ்டவுன் தனவந்தர் ஸ்டீபன் கிளார்க் அதை ஐந்து டாலருக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்தார். அது டபிள்டேயின் பந்து என்ற பெயரையும் பெற்றது. நூற்றாண்டு விழாவாக 1939 ஜூன் 12-ஆம் தேதி பேஸ்பால் கீர்த்தி மண்டபம் அங்கே திறக்கப்பட்டது. சாட்விக்கும் ஸ்பால்டிங்கும் அதில் இடம் பெற்றார்கள். டபிள்டேக்கு அங்கத்தவர் வரிசையில் இடமில்லை.

ஆனால் ஸ்பால்டிங் கடைக்காரர் மட்டும் அல்லர், சேகரிப்பாளரும்கூட. சாட்விக்கின் புத்தகங்கள், தினக்குறிப்புகள், பத்திரிகைத் துணுக்குகள் ஒட்டிய ஏடுகள், நிக்கர்பாக்கர் என்ற ஆதிக் குழுவின் கணக்குப் புத்தகங்கள், பழைய ஆட்டக்காரர் ஹாரி ரைட்டின் கடிதங்கள் எல்லாம் அவரிடம் சேர்ந்திருந்தன. 1911-இல் தாம் வெளியிட்ட பேஸ்பால் சரித்திர நூலுக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டார். அவர் மறைந்தபின் 1921-இல் மனைவியார் அந்தச் சேகரிப்பை நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கினார். அங்கே வாசகசாலையைப் பரிபாலித்து வந்த ராபர்ட் ஹெண்டர்சன், சாட்விக்கைப் போலவே இங்கிலாந்தில் பிறந்தவர். அவர் தளபதிகளின் ஜாதகத்தை ஆராயவில்லை. குழந்தைகளின் விளையாட்டுப் புத்தகங்களை வரிசையாக அடுக்கி, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டார். லண்டனில் 1828-இல் வெளிவந்த சிறுவர் நூலொன்றில் ரவுண்டர்ஸ் ஆட்டத்தின் விதிகள் உள்ளன. 1834-இல் பாஸ்டனில் ராபின் கார்வர் வெளியிட்ட விளையாட்டு நூலில் கிட்டத்தட்ட அதே விதிகள், தலைப்பு மட்டும் 'பேஸ்' என்று மாறி நிற்கின்றன. கூப்பர்ஸ்டவுன் மண்ணில் கோடு கிழிக்கப்படுவதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்பே, ஆட்டம் அச்சேறிச் சில்லறை விலைக்கு விற்றிருக்கிறது. ஹெண்டர்சன் தம் ஆராய்ச்சியை 1947-இல் முழு நூலாக வெளியிட்டார். கையேட்டில் பிறந்த புராணத்தைக் கையேடுகளே கலைத்தன.

அச்சேகரிப்புக்குப் பிறகு நேர்ந்ததும் சொல்லத் தக்கதே. 1970-களில் அந்த நூலகத்திலிருந்து சாட்விக்கின் ஏடுகளும் ரைட்டின் கடிதங்களும் பல திருட்டுப் போயின. பொதி பொதியாக எடுத்தவர்களும் உண்டு, கத்தியால் பக்கத்தை அறுத்தவர்களும் உண்டு. 2009-இல் ஓர் ஏலத்துக்கு ரைட்டுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் வந்தபோது அமெரிக்கப் புலனாய்வுத் துறை தலையிட வேண்டியதாயிற்று. பழைய காகிதத்தின் மீது கொண்ட பிரேமை ஓர் எல்லையைத் தாண்டினால் அது என்ன ஆகும் என்பதை எந்த ஊர்ப் புத்தக சாலைக்காரரும் அறிவார்.

ஹெண்டர்சன் சொன்னதோடு விவகாரம் தீர்ந்ததாகவே அரை நூற்றாண்டு காலம் எல்லோரும் நினைத்தார்கள். டேவிட் பிளாக் என்ற சேகரிப்பாளர், பழைய விளையாட்டு நூல்களைத் தேடித் தேடி வாங்கியவர், தம்மிடம் குவிந்தவற்றை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் எழுதலாம் என்று உட்கார்ந்தார். எழுதுகையில் கணக்கு உதைத்தது. ரவுண்டர்ஸ் என்ற பெயர் 1828-க்கு முன்னால் எந்த அச்சுப் புத்தகத்திலும் தட்டுப்படவில்லை. பேஸ்பால் என்ற பெயரோ அதற்கு வெகுகாலம் முந்தியது. குட்ஸ்முத்ஸ் என்ற ஜெர்மானிய உபாத்தியாயர் 1796-இலேயே, இங்கிலீஷ் பேஸ்பால் என்று பெயரிட்டு விதிகளோடு விவரித்திருக்கிறார். தாயென்று சாட்விக் காட்டியவள் உண்மையில் தங்கை. 2005-இல் பிளாக் இதை நூலாக வெளியிட்டதும், சாட்விக், ஸ்பால்டிங் இருவருடைய கட்சியும் ஒருங்கே தோற்றன.

பேஸ்பால் என்ற பெயர் அச்சில் காணும் மிகப் பழைய இடம், ஜான் நியூபெரி என்ற லண்டன் புத்தக வியாபாரி 1744-இல் வெளியிட்ட குழந்தைகள் நூல். அந்த முதற்பதிப்பின் ஒரு பிரதியும் இன்று இல்லை. மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது 1760-ஆம் வருஷத்தது. உள்ளங்கையில் அடங்கும் அப்புத்தகத்தில் ஒரு சிறிய மரச்செதுக்குப் படம்: நீளச் சட்டையும் மும்முனைத் தொப்பியும் அணிந்த மூவர், தரையில் நட்ட கம்பங்களின் அருகே நிற்கிறார்கள், ஒருவன் கையில் பந்து, மட்டையைக் காணோம். படத்தின் கீழே சில அடிகள் பாட்டு, அதன்பின் ஒரு நீதி. நியூபெரி தம் புத்தகத்துக்குச் செய்த விளம்பரத்தில், ஆண்பிள்ளைக்கு ஒரு பந்து, பெண்பிள்ளைக்கு ஓர் ஊசிமெத்தை, புத்தகத்தோடு கூடத் தருவதாக அறிவித்திருந்தார். அந்தப் பந்தின் ஒரு பாதி சிவப்பு, மறு பாதி கறுப்பு. பிள்ளை நல்ல காரியம் செய்தால் சிவப்பில் ஒரு குண்டூசி, கெட்ட காரியம் செய்தால் கறுப்பில் ஒரு குண்டூசி குத்தி வைக்க வேண்டும். புத்தகம் மட்டும் வேண்டுமானால் ஆறு பென்ஸ். பந்தோடு சேர்த்து எட்டு பென்ஸ்.